மூணு கரண்டி சீனி

செவ்வாய்க்கிழமை, மாலை 6.00.

சின்னச்சாமிக்குச் சுகர் பார்க்கிற நேரம். எட்டு மாதத்தில் ஒரு நாளும் அந்த நேரம் தப்பியதில்லை. பீமாராவ் பெரியவரின் இடது கையைத் தூக்கி ஆள்காட்டி விரலில் ஊசியைக் குத்தினார். ரத்தம் வரவில்லை. இன்னொரு தடவை குத்தினார். அப்புறம்தான் கை சில்லிட்டிருப்பது உறைத்தது.

"அய்யா," என்றார். "எந்திரிங்கய்யா."

எண்பத்தோரு வயது. வலது பக்கம் வாதத்தில் விழுந்தவர். நெஞ்சில் தீராத சளி. வீட்டுக்கு வந்த டாக்டர், தூக்கத்திலேயே போயிட்டாரு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் கோச்சடையில் இருக்கும் அந்த வீட்டின் பின்கட்டுக்கு முகம் கழுவப் போன மருமகள் சத்யப்ரியா, துவைகல் பக்கத்துச் சுவரில் ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தார். ஒரு பக்கம் நசுங்கின டம்ளர். அடியில் கொஞ்சம் டீ மிச்சம். அதில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

அது பீமாராவின் டம்ளர். பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலமாக வந்த முதல் நாளே அவருக்கென்று ஒதுக்கியது. அந்த வீட்டில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். பெரியவருக்குத் தினம் அரை அரையாகக் கொடுக்கிற தூக்க மாத்திரை அட்டையில் எட்டு முழுசாகக் குறைந்தது. மகன் சூரியபிரகாஷ் உடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

மாலை 7.15.

இன்ஸ்பெக்டர் பவதாரிணி குரலை உசத்த மாட்டார், கேட்ட கேள்வியை விடவும் மாட்டார். கூட ஏட்டு அழகுமலை. நசுங்கின டம்ளரை உறையில் போடும்போது, அது ஏன் வெளியே தனியாக இருக்கிறது என்று பவதாரிணிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய அப்பா ஊரெல்லாம் அப்படிப்பட்ட டம்ளர்களில் டீ குடித்து வளர்ந்தவர். பவதாரிணி உறைக்குச் சீல் வைத்தார்.

முதலில் சூரியபிரகாஷ்.

"பகல்ல வீட்டுல யாரு இருப்பா?"

"அப்பாவும் இவனும்தான். நான் நாகமலை புதுக்கோட்டைல கடையில இருப்பேன். என் வீட்டுக்காரி ஸ்கூல்ல இருந்து அஞ்சு மணிக்கு வருவா. அக்கா ரெண்டு தெரு தள்ளி இருக்கு. மூணே முக்காலுக்கு வந்து டீ போட்டு வச்சிட்டு நாலு மணிக்கு அது வீட்டுக்குப் போயிரும்."

"கேமரா மாட்டியிருக்கீங்க."

"அப்பா கட்டிலைப் பாத்து இருக்கு. போன்ல பாத்துக்கலாம், பதிவாகாது. இன்னைக்குக்கூட அக்கா வீட்டுல இருந்து போன் பண்ணி, கேமராவை ஒரு தடவை பாருன்னுச்சு. நாலு நாப்பதுக்குப் பாத்தேன். அப்பா தூங்கிட்டிருந்தாரு. இவன் கால்மாட்டுல உக்காந்து எண்ணெய் தேச்சுக்கிட்டிருந்தான். எனக்கு ஒண்ணும் தோணலையே மேடம்."

அடுத்து மகள் ஜெயக்கொடி. ஐம்பத்தைந்து வயது. அழுது அழுது முகமே வீங்கியிருந்தது.

"டீ நீங்க போட்டதா?"

"ஆமா. அப்பாவுக்குச் சீனி போடாம பீங்கான் கப்புல. அந்த ஆளுக்குச் சீனி போட்டு அவன் டம்ளர்ல."

"எம்புட்டு சீனி?"

"எப்பவும் ரெண்டு கரண்டி. இன்னைக்கு மூணு." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "ஏன் கேக்குறீக?"

"சும்மாதான். எங்க உக்காந்து குடிப்பாக?"

"பின்கட்டுல. அப்பாவுக்கு அந்த வேப்பமரத்து நிழல்தான் வேணும்."

பின்கட்டுக்குக் கேமரா எட்டாது.

கடைசியாகப் பீமாராவ். முப்பத்துநாலு வயது, கீழக்குயில்குடிக்காரர். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டம்ளர் யாரோடது?"

"என்னோடது."

"மாத்திரை போட்டது?"

"தெரியாது மேடம்."

"அய்யா அந்த டம்ளர்ல குடிச்சாரா?"

பீமாராவ் பெரியவரின் கட்டில் பக்கம் பார்த்தார். "என்னாலதான் செத்தாரு," என்றார்.

"என்ன பண்ணுனீங்க?"

அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு ஆள் எப்படி மாட்டிக்கொள்வது? சூரியபிரகாஷ் அடிக்கவே பாய்ந்தார். அழகுமலை குறுக்கே போய் நிற்க வேண்டியதாயிற்று.

புதன்கிழமை, காலை 9.00.

வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காலையில் வரச்சொல்லி, பீமாராவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அழகுமலை எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தார். பீமாராவ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஏப்பா, நல்லா இல்லையா?"

"இனிப்பு தூக்கலா இருக்குண்ணே. சீனி இல்லாமக் கிடைக்குமா?"

"இந்த வயசுலயே சுகரா?"

"அதெல்லாம் இல்லண்ணே."

பவதாரிணி இதைக் காதில் வாங்கினார், மனதில் வாங்கவில்லை. அதற்காக அப்புறம் ரொம்ப நொந்துகொண்டார்.

பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தத்தனேரி சுடுகாட்டுக்கு எடுத்தார்கள். வேட்டுச் சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. பீமாராவ் பெஞ்சை விட்டு எழுந்து நின்றார். அழகுமலை உட்காரச் சொன்னார். உட்கார்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை, மாலை 4.00.

ரிப்போர்ட் வந்தது. பெரியவர் உடம்பில் தூக்க மாத்திரை; சளி கட்டின நெஞ்சு தாங்காமல் மூச்சு நின்றிருக்கிறது. டம்ளரில் தூக்க மாத்திரை, ஏகப்பட்ட சீனி. பீங்கான் கப்பில் மாத்திரையும் இல்லை, சீனியும் இல்லை. டம்ளர் மேல் இரண்டு பேருடைய கைரேகைதான். ஒன்று பீமாராவுடையது. இன்னொன்று சின்னச்சாமியின் இடது கை.

பவதாரிணி பெரியவரின் சுகர் நோட்டை மேசையில் விரித்தார். தினமும் மாலை ஆறு மணிக்குப் பீமாராவ் எழுதியது. 221, 215, 230. ஞாயிற்றுக்கிழமை பீமாராவுக்கு லீவு, அன்றைக்கு மட்டும் சத்யப்ரியாவின் கையெழுத்து. 148, 152, 139. எட்டு மாதமும் இதே கணக்குத்தான். பீமாராவ் வருகிற நாளெல்லாம் பெரியவருக்குச் சுகர் ஏறுகிறது. அதை அவரே ஒன்றுகூட மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பொய் எழுதத் தெரியாத மனுசன்.

பவதாரிணிக்கு அப்போதுதான் நேற்றைய டீ ஞாபகம் வந்தது. வெளியே வந்து, அன்றைக்கும் வரச்சொல்லி உட்கார வைத்திருந்த பீமாராவ் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பீமாராவ், நீங்க சீனி இல்லாத டீ குடிக்கிற ஆளு. அந்தம்மா உங்களுக்குத் தினம் ரெண்டு கரண்டி சீனி போட்டு வைக்குது. அதை எட்டு மாசமா குடிச்சது யாரு?"

பீமாராவ் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார்.

"மாத்திக்கிடுவோம் மேடம். வந்த ரெண்டாவது வாரமே அய்யா கேட்டாரு. 'பீமா, வாய் செத்துப்போச்சுடா, உன் டீயைக் குடு'ன்னாரு. என் டம்ளர்ங்கய்யா, கப்புல மாத்தித் தாரேன்னேன். 'கப்புல ஊத்துனா எறும்பு மொய்க்கும், கொடி கண்டுபிடிச்சிருவா, அப்படியே கொண்டா'ன்னாரு. அன்னையில இருந்து அவுக டம்ளர்ல, நான் கப்புல."

"செவ்வாய்க்கிழமையும்?"

"ஆமா. குடிச்சுட்டு, 'இன்னைக்குக் கொடிக்குக் கை தாராளம்'னு சிரிச்சாரு. கொஞ்ச நேரத்துல கண்ணைச் சொருகுதுன்னாரு."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"சுகர்காரருக்குச் சீனி குடுத்தது நான். மாத்திரையோ சீனியோ, எது கொன்னிருந்தாலும் அவர் கையில டம்ளரைக் குடுத்தது நான்தானே மேடம். யாருக்கிட்டயும் சொல்லாதடான்னு வேற சத்தியம் வாங்கியிருந்தாரு."

வெள்ளிக்கிழமை, காலை 10.00.

கோச்சடை வீட்டில் மூன்று பேரையும் உட்கார வைத்தார் பவதாரிணி. பீமாராவ் வாசல்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அய்யாவைக் கொல்லணும்னு யாரும் நெனைக்கல," என்று ஆரம்பித்தார். "டம்ளரைப் பாத்ததும் எல்லாரும் அது யாரோட டம்ளருன்னு கேட்டோம், நானும்தான் கேட்டேன். அதுல இருக்குறதைக் குடிக்கவேண்டியது யாருன்னு கேட்டிருக்கணும். அய்யாவுக்குக் குடுக்கணும்னா பீமாராவ் அய்யா கப்புல போட்டிருப்பாரு. தன் டம்ளர்ல எதுக்குப் போடணும்? அந்த மாத்திரை பீமாராவுக்காகப் போட்டது. கசப்பு தெரியக்கூடாதுன்னு சீனியும் ஒரு கரண்டி கூட."

சத்யப்ரியா மெதுவாக ஜெயக்கொடி பக்கம் திரும்பினார். "மதினி?"

"போட்டவங்களுக்கு ஒண்ணு மட்டும் நிச்சயமாத் தெரியும்," என்றார் பவதாரிணி. "இந்த வீட்டு ஆளுக யாரும் அந்த டம்ளர்ல வாய் வைக்கமாட்டாக. அந்த நம்பிக்கையிலதான் போட்டாக. ஆனா அய்யா அதுலதான் எட்டு மாசமா டீ குடிச்சிருக்காரு."

சுகர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். சூரியபிரகாஷ் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனார்.

"சார், செவ்வாய்க்கிழமை உங்க அக்கா போன்ல என்ன கேட்டாக? ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க."

"'உன் ஆளு என்ன பண்றான்னு கேமராவைப் பாரு'ன்னுச்சு." குரல் இறங்கிக்கொண்டே போனது. "'தூங்குறானா'ன்னு கேட்டுச்சு. இல்ல, முழிச்சுத்தான் இருக்கான், அப்பாதான் தூங்குறாருன்னேன். 'நல்லாப் பாரு, அவன் தூங்கலையா'ன்னு திருப்பிக் கேட்டுச்சு."

"ரெண்டு தெரு தள்ளி இருக்குறவங்களுக்கு, அவர் தூங்கணும்னு எப்படித் தெரியும்? அப்பாதான் தூங்குறாருன்னு நீங்க சொன்ன உடனே ஓடி வந்திருந்தா அய்யாவைக் காப்பாத்தியிருக்கலாம். வயசானவரு, மத்தியானத் தூக்கம்னு நெனச்சுட்டாக."

ஜெயக்கொடி மறுக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"தூங்குனா தம்பி அவனை வேலையை விட்டுத் தூக்கிருவான். அம்புட்டுத்தான் நெனச்சேன். சாமி சத்தியமா அம்புட்டுத்தான்."

"எதுக்கு?"

"போன வாரம் அப்பா எங்கிட்டச் சொன்னாரு. 'நான் செத்தா என்னைத் தூக்குறப்ப பீமாவும் ஒரு தோள் குடுக்கணும், இது என் ஆசை'ன்னாரு. சொந்தபந்தமெல்லாம் வந்து நிக்கும். நான் எப்படி முகத்தைக் காட்டுவேன்? நான் ஊட்டுனா வேணாம்பாரு, அவன் ஊட்டுனாச் சாப்பிடுவாரு. பெத்த மகளுக்கு அதுவும் பொறுக்கல. ஆளை மாத்திட்டா அந்த நெனப்பும் போயிரும்னு..."

வாசலில் நின்ற பீமாராவ் தலையைத் தூக்கினார். அவருக்கு இது புதுசு.

"இன்னும் ஒரே ஒரு கேள்விதான்," என்றார் பவதாரிணி. "அப்பா போனது தெரிஞ்சு ஆறரைக்கு இங்க வந்துட்டீங்க. டம்ளர் பின்கட்டுலயே கிடந்துச்சு. சத்யப்ரியா பாக்குறதுக்கு முன்னாடி பத்து நிமிசம் நீங்க தனியா அங்க நின்னு அழுதிருக்கீங்க. தண்ணிக்குழாய் பக்கத்துலயே இருக்கு. ஒரு தடவை அலசி வச்சிருந்தா இந்தக் கேஸே இல்லை. ஏன் அலசல?"

ஜெயக்கொடி யோசிக்காமல் சொன்னார்:

"அதைப் போய் நான் எப்படித் தொ..."

பாதியில் நின்றுவிட்டது. டீ ஊற்றியவரின் கைரேகை டம்ளரில் இல்லாததற்கும் அதுதான் காரணம். தொடாமல் மேலேயிருந்து ஊற்றுகிற கை. ஜெயக்கொடிக்கு அது அப்போதுதான் புரிந்தது. அப்பா என்று ஒரே ஒரு தடவை கத்தினார்.

மதியம் 1.00.

ஸ்டேஷனில் பீமாராவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை.

"மேடம், அய்யா நெசமாவே அப்படிச் சொன்னாராமா? தோள் குடுக்கணும்னு?"

"சொல்லியிருக்காரு."

"புதன்கிழமை சாயங்காலம்தானே எடுத்தாக?"

"ஆமா."

"அந்நேரம் நான் இந்தா, இந்தப் பெஞ்சுல இருந்தேன்."

உட்கார வைத்தது பவதாரிணிதான். சீனி இல்லாத டீயை ஒரு நாள் முன்னால் யோசித்திருந்தால் பெரியவரின் ஆசை நடந்திருக்கும்.

"தப்பு எம்மேலதான் பீமாராவ்," என்றார்.

"நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க. டம்ளர் என்னோடதுதானே."

பீமாராவ் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழக்குயில்குடிப் பக்கம் போகிற பஸ் இடது பக்கம் நிற்கும். அவர் வலது பக்கம் திரும்பி, தத்தனேரிக்குப் போகிற ரோட்டில் நடந்தார்.