கொடி வெளுத்த மாதம்

"கையை எடுங்க!"

கத்திய பிறகுதான் அது யாரென்று வேலாயிக்குத் தெரிந்தது. தோட்டத்து மருந்தறையில் மருந்து கொடுக்கும் டிரெசர் சிற்றம்பலம்! யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து நாலு மாதம் ஆகியிருக்கும். மழைக்குத் துரை பங்களாத் திராட்சைப் பந்தலில் ஒதுங்கியவன், ஒரு இலையைக் கிள்ளி வைத்திருந்தான்.

"மன்னிச்சுக்குங்க ஐயா... இதுல ஒரு இலை போனாலும் என் உசிரே போவுது."

"ஒரு இலைக்கோ இவ்வளவு கோவம்?"

இமையில் மழைத்துளியோடு சிரித்தான். பாழாய்ப்போன கண்கள்... பயந்து கிடக்கிறவளை இப்படியா பார்ப்பது?

பயம் சும்மா இல்லை. 1931. ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி, கடல் தாண்டி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். புலாவ் செபாங் ஸ்டேஷனில் தினமும் மூட்டை முடிச்சோடு கூட்டம். துரைசானி ஆசையாய் நட்ட இந்தக் கொடிக்காகத்தான் அவள் அப்பா இருளாண்டியை இன்னும் வைத்திருந்தார்கள். அவருக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து கொடியை அவள்தான் பார்க்கிறாள். அதுவோ நாளுக்கு நாள் மஞ்சளாகிறது.

"அடுத்த மாசம் துரை பார்ப்பாரு. பிடுங்கச் சொன்னா எங்களுக்கும் கப்பல்தான். நான் பொறந்ததே இங்க... அங்க எங்களுக்கு யாரு இருக்கா?"

அவன் இலையை வெளிச்சத்தில் பிடித்தான். "நரம்பு பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். அதுவும் இளம் இலையிலை. இரும்புச்சத்துக் குறைவு."

"அப்போ எங்களுக்கு ஊத்துற இரும்பு மருந்தை இதுக்கும் ஊத்துங்களேன்!"

"வாயைத் திற எண்டு சொல்ல, இதுக்கு வாய் எங்கை?"

பல நாளைக்குப் பிறகு வேலாயி சிரித்தாள். அவன் குனிந்து மண்ணைக் கிளறினான். உள்ளே வெள்ளை வெள்ளையாய்... அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன ஐயா?"

"ஒண்டுமில்லை."

ஒன்றுமில்லையாம்! மறுநாளே மண்வெட்டியோடு வந்து நின்றான். வெளுத்த மண்ணைத் தானே வழித்தெடுத்தான். காட்டோரத்து மக்கிய இலையையும் பழைய சாணத்தையும் சுமந்து வந்து வேரைச் சுற்றிப் போட்டான்.

"மண்ணிலை இரும்பு கிடக்கு. இந்த உரம் இருந்தால்தான் வேர் அதை எடுக்கும். மாசம் ஒருக்கா போடும், பிறகு கொடிக்கு இந்த மஞ்சள் வருத்தம் வராது."

"டிரெசர் கையில சாணியா? தோட்டமே சிரிக்குது, போங்க!"

தோட்டம் சிரித்ததோடு நிற்கவில்லை, இருவரையும் சேர்த்துப் பேசவும் செய்தது. "அவுக வேற, நாம வேற. ஒதுங்கியே இரு" என்றார் இருளாண்டி. மறுநாளிலிருந்து வேலாயி அவனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

அந்த நாளும் வந்தது. துரை பந்தலடியில் நின்று மஞ்சள் இலைகளைப் பார்த்தார்.

"இருளாண்டி! கொடி செத்துப் போச்சு. பிடுங்கு."

அப்பா கொடியின் அடியைப் பிடித்தார். அப்போதுதான் சிற்றம்பலம் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"பிழை என்ரை, துரை! கொசுவுக்காகப் பந்தலோரத்துச் சாக்கடைக் கானிலை வாரம் ஒரு மூட்டை சுண்ணாம்பு கொட்டினது நான். அது வேருக்கு இறங்கி, இரும்பை எடுக்க விடேல்லை. இருளாண்டியிலை ஒரு குற்றமும் இல்லை."

கொடியின் நுனியை வளைத்துக் காட்டினான். மூன்று தளிர்கள்... பச்சைப் பசேலென்று!

துரை தளிரைத் தொட்டுப் பார்த்தார். "கொடி இருக்கட்டும். இருளாண்டியும் இருக்கட்டும். டிரெசர், உன்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வேலாயி திரும்பினாள். "மொத நாளே தெரியுமா?"

"ஓம்."

"ஒரு மாசமாப் பயந்து செத்தேனே! ஏன் சொல்லலை?"

"சொன்னால் நீர் என்னை வெறுப்பீர் எண்டு... எனக்கும் பயம்தான்."

"இப்போ வேலை போனா?"

"போகட்டும். நீர் கப்பலேறுறதை நிண்டு பார்க்க என்னாலை ஏலாது, வேலாயி. எனக்கு உம்மை அவ்வளவு பிடிக்கும்."

சொல்லிவிட்டான்! அப்பா பக்கத்திலேயே நிற்கிறார் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. வேலாயி அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்பா, இவரை எங்க அனுப்பினாலும்... நானும் கூடப் போவேன்."