பன்னிரண்டரை மணி லிஃப்ட்

அந்தக் கட்டடத்துக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பார்த்தேன். தலைவலி என்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டது என்றேன். "நீதானே அந்தக் குழிய மூடுன? நீயே போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் தன் டீயைப் பார்க்கப் போய்விட்டார். டூல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஒன்பது மாடிக் கட்டடம் அது. பழசு. சுவரெல்லாம் ஈரம் பூத்து, மாடிப்படியில் எந்நேரமும் அரையிருட்டு. வாசலில் வாட்ச்மேன் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

"தினம் மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தானா கீழ போகுதுங்க. யாரும் பட்டன அமுக்கறதில்ல. அரை மணி நேரம் பேஸ்மென்ட்லயே நிக்கும். அப்புறம் தானா மேல வந்துரும்."

"மெயின ஆஃப் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணோமே. அப்பவும் போச்சு. அதுக்கும் சாப்பாட்டு நேரம்னு ஒண்ணு வேணும்ல?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் அதே பன்னிரண்டரைக்குத்தான் நான் அந்தக் குழியை மூடினேன்.

இப்போது எல்லா லிஃப்டும் மோட்டாரில் ஓடுகிறது. அப்போதெல்லாம் பூதங்கள்தான் இழுத்தன. லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி, குழிக்கு ஒரு பூதம். அதைக் கட்டிவைப்பது சூனியக்காரிகளின் வேலை. கம்பியும் சக்கரமும் பார்ப்பது எங்களைப் போன்ற மெக்கானிக்குகளின் வேலை. கட்டுப் போட்டால்தான் பூதத்துக்குக் கையும் காலும் பலமும் வரும். அவிழ்த்துவிட்டால் வெறும் காற்று. ஆனால் யாரும் அவிழ்த்துவிட்டதில்லை. ராத்திரி பகல் கிடையாது, ஞாயிறு கிடையாது. பழைய குழிகளில் எழுபது வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தவை உண்டு.

என் அக்கா பதினாறு வருஷம் கட்டுப் போட்டவள். ஒருநாள் கையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "அதுங்க அழுறது எனக்குக் கேக்குதுடா" என்றாள். "காதுல பஞ்ச வெச்சுக்கோ" என்றேன். பெரிய ஜோக் அடித்துவிட்ட மாதிரி சிரித்தும் தொலைத்தேன்.

பிறகு கலகம் வந்தது. ஒரே நாளில் ஊரிலிருந்த அத்தனை சூனியக்காரிகளும் வேலையை விட்டார்கள். பூதங்கள் இழுப்பதை நிறுத்தின. லிஃப்டுகள் பாதி வழியில் தொங்கின. சூனியக்காரிகள் குழி குழியாக இறங்கி முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். அவிழ்ப்பதற்குள் எல்லாக் குழிகளையும் மூடிவிடச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது. இரும்பு மூடி, அதற்கு மேல் ஒரு முழ சிமென்ட்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. குழிக்குள் இறங்குகிறவர் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். செருப்பு வெளியே இருந்தால் ஆள் உள்ளே. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் நடந்து போகும்வரை யாரும் மூடியில் கை வைக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

அன்றைக்கு அந்தக் குழி ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. நீல வார். வலது வாரில் ஊக்கு. அந்த ஊக்கைக் குத்திக் கொடுத்ததே நான்தான்.

மாடிப்படியில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். கலகக்காரிகளின் சொந்தக்காரர்கள் என்று ஒரு லிஸ்ட் எடுக்கிறார்கள் என்று காலையில்தான் காதில் போட்டிருந்தார். அதில் என் பேரும் ஏறிவிடும் என்று பயந்தேன். குனிந்து, "அக்கா?" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். மெதுவாக.

பதில் வரவில்லை.

வராது. முடிச்சை அவிழ்க்கும்போது வாயைத் திறந்தால் கட்டு திரும்ப விழுந்துவிடும். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மௌனத்தையே சாக்காக வைத்துக்கொண்டேன். செருப்பைக் காலால் குழிக்குள் தள்ளினேன். மூடியை இழுத்தேன். பூசி மெழுகாமல் சொல்கிறேன், இதுதான் நான் செய்தது.

இப்போது, வாட்ச்மேனிடம் மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிவிட்டு, படி வழியாக பேஸ்மென்டுக்கு இறங்கினேன். டார்ச் வெளிச்சத்தில் தூசிதான் பறந்தது. பன்னிரண்டரை ஆனது.

மேலே கம்பி முனகியது.

லிஃப்ட் இறங்கி வந்து என் எதிரில் நின்றது. கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை. ஈர சிமென்ட் வாசனை குப்பென்று அடித்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் பூசிய சிமென்ட்.

"மெக்கானிக்கா?"

குரல் தரைக்கு அடியிலிருந்து வந்தது. கர்ஜனை எல்லாம் இல்லை. ரொம்ப நாள் தூங்காதவர்களின் குரல்.

"நீ... இன்னும் கட்டுலயா இருக்க?"

"இல்ல. நீ மூடுறப்பவே கடைசி முடிச்ச அவுத்துட்டா."

"அப்ப ஏன் போகல?"

"அவ தனியா இருந்தா."

டார்ச்சைத் தரைப் பக்கம் திருப்பினேன்.

"மூணு நாள் உசுரோட இருந்தா" என்றது பூதம். "இருட்டுன்னா அவளுக்குப் பயமாமே? உனக்குத் தெரியுமா?"

தெரியும். சின்ன வயதில் கரண்ட் போனால் என் சட்டையைத்தான் பிடித்துக்கொள்வாள்.

"என்னத் திரும்பக் கட்டு, கையும் பலமும் வந்துரும், மூடியத் தூக்கிடறேன்னு சொன்னேன். கெஞ்சினேன். மாட்டேன்னுட்டா. ஒரு தடவ அவுத்தத இனிமே எதுக்காகவும் கட்ட மாட்டேன்னா."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். யாருக்கு என்ன பிரயோஜனம்? அப்புறம்தான் எனக்கு அந்த விஷயம் உறைத்தது. கட்டு இல்லாத பூதத்துக்குக் கை கிடையாது.

"அப்ப லிஃப்ட இழுக்கிறது..."

"நான் இல்ல" என்றது.

எப்படி மேலே ஏறி வந்தேன், எப்படி வீடு போய்ச் சேர்ந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டில் அக்காவின் மகள் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. அப்பா ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்கு நான் மட்டும்தான். உன் அம்மா கலகக்காரர்களோடு ஆற்றைத் தாண்டிப் போயிருக்கிறாள், அடங்கியதும் வந்துவிடுவாள் என்று ஒரு வருஷமாகச் சொல்லி வைத்திருந்தேன். அழைப்பு மணி அடித்தால் எனக்கு முன்னால் அவள் ஓடுவாள். இனிமேலும் அவளை அப்படி ஓடவிட்டால் நான் மனுஷனே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. சூனியக்காரியின் மகள், எங்கள் வழக்கமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"செருப்பு வெளிய இருந்துச்சா மாமா?"

"இருந்துச்சும்மா."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

நோட்டை மூடினாள். "நாளைக்கு என்னக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு தரைத்தளத்தில் லிஃப்ட் முன்னால் நின்றேன். கதவு திறந்தது. அவள் உள்ளே போனாள். நான் பின்னாலேயே காலை எடுத்து வைத்தேன்.

கதவு என் மூக்குக்கு நேரே மூடிக்கொண்டது.

பட்டனைக் குத்தினேன். கதவை இடித்தேன். கடப்பாரையை விட்டு நெம்பிப் பார்த்தேன், வளைந்ததே தவிரக் கதவு அசையவில்லை. மேலே நம்பர் பலகையில் பேஸ்மென்ட் விளக்கு எரிந்தது. பிறகு அதுவும் அணைந்தது. கம்பி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டடத்தில் பேஸ்மென்டுக்குக் கீழே தளமே கிடையாது.

"என்னையும் கூட்டிட்டுப் போ அக்கா" என்று கதவில் வாயை வைத்துக் கத்தினேன். "அவள விட்டுட்டு என்ன எடுத்துக்கோ."

கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

சரியாக அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் நின்றிருந்தாள். ஒரு கீறல் இல்லை. போகும்போது அவள் தலை விரித்துக் கிடந்தது. இப்போது நடுவகிடு எடுத்து, இறுக்கி, ரெட்டைப் பின்னல் போட்டிருந்தது. வகிட்டில் ஐந்து விரல் சிமென்ட் தடம், இன்னும் ஈரமாக.

"பாப்பா..." என்று அவள் தோளைப் பிடித்தேன். "அம்மா... என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

பின்னலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். என்னைத் தாண்டி நடந்தாள்.

"ஒண்ணுமே கேக்கல மாமா."