இருபத்தேழு யாருடையது?

காலை ஏழே முக்கால். ஸ்டேஷன் போன் அலறியது.

“என் வீட்டுக்காரர் மாடிப்படியில விழுந்துட்டாருங்க... மூச்சில்ல!”

பத்தாவது நிமிடம் அந்த வீட்டுக்குள் நுழைந்தாள் பெண் இன்ஸ்பெக்டர்.

படிக்கட்டின் அடியில் குப்புறக் கிடந்தார் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்தைந்து. வேலைக்குக் கிளம்பிய காக்கிச் சட்டை. பின்மண்டையில் முக்கோணமாக ஓர் ஆழமான காயம்.

மாடியிலிருந்து உருண்டு விழுந்தவர்... காலில் செருப்பு மட்டும் கழலவில்லை!

மனைவி சுவரோடு சாய்ந்து நின்றாள். கண்ணில் ஒரு பொட்டு நீர் இல்லை.

ஏட்டு, இறந்தவரின் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

“லாட்டரி, மேடம். சாயங்காலம் குலுக்கல். ஆறு நம்பர்.”

“எல்லாமே முப்பத்தொண்ணுக்குள்ள இருக்கே... பொறந்த நாளா?”

“எல்லாரும் அதைத்தானே மேடம் போடறோம்! நானும் பிள்ளைங்க தேதிதான். சொந்த ரத்தம் ஏமாத்தாதுன்னு ஒரு நெனப்பு.”

“எத்தனை தடவை விழுந்திருக்கு?”

“எங்க மேடம்... ரத்தம்தான் ஏமாத்துது!”

இன்ஸ்பெக்டர் மனைவியிடம் திரும்பினாள்.

“இந்தச் சீட்டைப் பார்த்திருக்கீங்களாம்மா?”

“இல்லீங்க. அவர் பாக்கெட்டை நான் தொடறதே இல்ல.”

“நாலு... யாரோடது?”

“என் பொறந்த நாள்.”

“ஒன்பது?”

“அவரோடது.”

“பதினாறு?”

“பையன். வெளியூர்ல வேலை.”

“பத்தொன்பது?”

“பொண்ணு... செத்துட்டா.”

“இருபத்திரண்டு?”

“மாமியார். போய்ச் சேர்ந்த பிறகும் விடலை.”

“இன்னும் ஒண்ணு இருக்கு...”

அவ்வளவுதான்! அவள் முகம் கோணியது.

“அந்த இருபத்தேழு எவளோடதுன்னு எனக்கென்ன தெரியும்!”

“அந்த நம்பரை நான் இன்னும் சொல்லவே இல்லையேம்மா...”

அவள் அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தாள். வார்த்தைகள் வெடித்தன.

“இருபது வருஷமா ஒரு நம்பரைக்கூட மாத்தாத மனுஷன்! மாத்தினா, அன்னிக்குன்னு பார்த்துப் பழசு விழுந்துடுமோன்னு பயம். காய்ச்சல்ல படுத்தப்பகூட என்னை அனுப்பி அதே ஆறைத்தான் வாங்கச் சொன்னார். அப்பேர்ப்பட்டவர் போன மாசம் எங்க கல்யாண நாளைத் தூக்கிட்டு இருபத்தேழைப் போட்டிருக்கார்! சீட்டுக் கடைக்காரன்கிட்ட விசாரிச்சேன். ‘என் உயிர் பொறந்த தேதி’ன்னாராம்! யாருய்யா அந்த உயிர்னு இன்னிக்குக் கேட்டேன். குனிஞ்சு செருப்பை மாட்டினார். என் கையில இஸ்திரிப் பெட்டி இருந்தது...”

வாசலில் கார் ஒன்று கிரீச்சிட்டு நின்றது.

ஓடி வந்தாள் ஓர் இளம்பெண். மார்பில் துண்டு சுற்றிய பச்சைக் குழந்தை!

“அப்பா...!”

ஏட்டு முணுமுணுத்தார். “அவர் செல்லுல கடைசியாப் பேசினது ‘டயர் கடை’ன்னு பேர் போட்டு வெச்ச நம்பர் மேடம். அடிச்சுப் பார்த்தேன். இவங்க எடுத்தாங்க.”

“யாரும்மா இது?”

மனைவி மெல்லச் சொன்னாள். “பொண்ணு...”

“செத்துட்டான்னீங்க?”

“எங்களை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. எனக்குச் செத்துட்டா! அவ பேச்சை எடுத்தா நான் வீட்டை விட்டே போயிடுவேன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன்...”

“அப்பா வாரா வாரம் வருவார்,” மகள் விம்மினாள். “உங்கிட்ட சொல்லத்தான் பயந்தார்மா.”

இன்ஸ்பெக்டர் குழந்தையைப் பார்த்தாள்.

“எப்பப் பொறந்தான்?”

“போன மாசம்... இருபத்தேழு.”

மனைவியின் கைகள் தாமாகவே குழந்தையை நோக்கி நீண்டன.

மகள் ஓரடி பின்வாங்கினாள்.

நீண்ட கைகளில் விலங்கு ஏறியது.

ஏட்டு தலையைச் சொறிந்தார். “மேடம்... இந்தச் சீட்டு விழுந்துட்டா பணம் யாருக்கு?”

“பிள்ளைங்களுக்கு. கொன்னவங்களுக்குக் கிடையாது.”

“பாவம் மேடம்!”

“என்ன பாவம்? குலுக்காமலே இவங்களுக்குப் பரிசு விழுந்தாச்சு ஏட்டு... ஆயுசு முழுக்க இடமும் சாப்பாடும் இலவசம்!”