நடுக்கட்டத்து மரவெட்டி

"இந்தக் கறை புடிச்ச ஸ்டாம்பை எதுக்கு நடுவுல வைக்கிறே, வெர்னா?"

"கறை இல்ல ஓரின், தபால் முத்திரை. கார்ல் சாகுறதுக்கு முன்னாடி எனக்கு எழுதின கடைசிக் கடிதத்துல இருந்தது."

தபால்தலைச் சங்கத்து நண்பர் ஓரினோடு போன வாரம் நடந்த இந்தப் பேச்சை, கணவர் கார்லை இழந்த வெர்னா சொல்லி முடித்தார். ஓய்வுபெற்ற ஷெரீஃப் ஹால்வர், காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சட்டகத்தின் மேல் குனிந்தார். மின்னசோட்டாவின் அந்தச் சிற்றூரில், தேவாலயத்துக் கீழ்த்தளத்தில், தபால்தலைக் கண்காட்சி தொடங்கவிருந்தது. வெர்னாவின் சட்டகத்தில் நாட்டுப்புறக் கதைமாந்தர்கள் வரிசையாக நின்றார்கள். நடுக்கட்டத்தில், நீல எருதோடு நிற்கும் ராட்சச மரவெட்டி மட்டும் ஆள் மாறியிருந்தான். முத்திரை விழுந்த பழைய தபால்தலை போய், அதே படம் போட்ட புத்தம்புதுத் தபால்தலை இருந்தது.

"கார்லோட தங்கச்சி மர்ட்டில்தான்!" என்றார் ஹால்வரின் மனைவி பெவ். "அண்ணன் ஞாபகமெல்லாம் தனக்கே சொந்தம்னு பொருமுறவ. வாங்க, போய்ப் புடிப்போம்!"

"உக்காரு பெவ். மர்ட்டில் எடுத்திருந்தா கட்டம் காலியா கிடக்கும். காலிக் கட்டத்தைப் பாத்தா சேகரிப்பாளனுக்குத்தான் பொறுக்காது. அதோட, இந்தப் புதுத் தலையில தாளோட வெள்ளை ஓரமும் ஒட்டியிருக்கு. தபால்தலைங்க வரிசையா அச்சான முழுத் தாளிலிருந்து கிழிச்சது."

பெவ் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மரவெட்டியின் முழுத்தாள் ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது. 'முழுத்தாளைக் கிழிக்கிறவன் பாவி' என்று சங்கத்தில் சொல்லிக்கொண்டே இருப்பவரும் அவர்தான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஓரின், சட்டைப்பையிலிருந்து கண்ணாடித்தாள் உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே பழைய மரவெட்டி, ஓரத்துப் பல் ஒன்றுகூட மடங்காமல்.

"அடப்பாவி! செத்த மனுஷன்மேல பொறாமையா?" என்றார் பெவ்.

"ஆமா. இந்தச் சட்டகத்துல ஒவ்வொரு தபால்தலையையும் இவகூட உக்காந்து ஒட்டினது நான். நடுவுல நிக்கிறது அவன். கிழிச்சுப் போடத்தான் எடுத்தேன். கை வரல."

வெர்னா உறையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "உன் முழுத்தாளையே கிழிச்சிட்டியேடா, மடையா."

"அது போகட்டும்."

"இவ்வளவு நாளும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

ஓரின் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"கார்ல் நடுவுலயே இருக்கட்டும், வெர்னா. என்னைக் கட்டிக்கிறியா?"