சும்மா படுத்திருந்த காளை

காலை எட்டு மணிக்கு நவமணி வழக்கம்போலக் காளையின் விலாவில், இரைப்பையைச் சோதிப்பதற்காகப் பொருத்தியிருந்த வட்ட மூடியைத் திருகித் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டாள். செவ்வாய்க் கோளின் ஏழாம் குடியிருப்பில் தீவனப் பொறுப்பாளர்களின் நாள் அப்படித்தான் தொடங்கும். காளையும் கண்டுகொள்வதில்லை.

உள்ளே எல்லாம் புளித்த கூழாக இருந்தது. காளை இன்னும் மெலிந்திருந்தது.

இறைச்சிக்கு வளர்க்கும் நாற்பது மாடுகள். அந்தக் கோளில் இருந்த ஒரே மந்தை. அசைபோடுவதில் ஒவ்வொரு மாடும் தினம் எட்டு மணி நேரத்தை வீணாக்குகிறது என்று கண்ட குடியிருப்பு, தீவனத்தில் ‘அசைநீக்கி’ என்ற நொதிப்பொடியைக் கலக்கச் சொன்னது. பொடியே எல்லாவற்றையும் கரைத்துவிடும். மாடு ஓயாமல் தின்னலாம். ஆறு மாதமாகியும் எடை ஏறவில்லை. இந்த மாதமும் ஏறாவிட்டால் மந்தை முழுவதையும் அறுத்துவிட்டுத் தொழுவத்தை மூடிவிடுவதாக முடிவு.

நவமணி யாரிடமும் சொல்லாமல் அந்த ஒரு காளைக்குப் பொடியை நிறுத்தி, வைக்கோலும் உலர்ந்த தழையும் மட்டும் போட்டாள்.

இரண்டு நாள் அது விழித்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் முன்னங்கால்களை மடித்துப் படுத்தது. கழுத்துக்குள் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. தாடை பக்கவாட்டில் அசையத் தொடங்கியது.

அவள் மண்டியிட்டு மூடியைத் திறந்து கையை விட்டாள். மெல்ல மெல்ல ஊறிய உமிழ்நீர் உள்ளே இறங்கிப் புளிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. இரைப்பையின் சுவர் நிதானமாகச் சுருங்கி விரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் அந்த இருட்டில் தழையைத் தசையாக மாற்றும் வேலையில் இறங்கியிருந்தன. அவள் கடலைப் பார்த்ததில்லை. அது இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. வெகுநேரம் கையை எடுக்க மனம் வரவில்லை.

எடை நாளில் அந்தக் காளை மட்டும் முப்பது கிலோ ஏறியிருந்தது.

“இதுக்கு மட்டும் என்னம்மா கலந்தீங்க?” என்றார் இயக்குநர் கலியமூர்த்தி.

“ஒண்ணும் கலக்கல சார். சும்மா படுத்து அசைபோட விட்டேன்.”

“சும்மான்னா? எத்தனை கிராம்?”

“எட்டு மணி நேரம் சார்.”

அவர் காளையின் பக்கம் குனிந்தார். காளை மெல்லும் ஓசை மட்டும் கேட்டது. அவர் முகத்திலும் ஒரு வியப்பு பரவியது.

“சரி, மந்தை இருக்கட்டும். பொடிய நிறுத்திடுங்க,” என்றார் கடைசியில். “ஆனா அசைபோடறப்ப ஊறி வயித்துப் புளிப்ப அடக்குதே, அந்த உமிழ்நீர் தினம் ரெண்டு வாளி வேணும்.”

“எதுக்கு சார்?”

“மாத்திரை பண்ணத்தான். நம்ம ஆளுங்களுக்கும் நெஞ்சு எரிஞ்சுக்கிட்டேதான கெடக்கு? ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டா நின்னுக்கிட்டே அவசரமா முழுங்கினாலும் எரியாது, மத்தியானம் சாப்பிட உக்கார்ற அரைமணியையும் எடுத்துடலாம்.”

அடுத்த மாதம் முதல் நாற்பது மாடுகளும் கால் மடித்துப் படுத்து அசைபோட்டன. யாரும் அவற்றைத் தொந்தரவு செய்யாதபடி, நவமணி மாத்திரையை நின்றபடியே விழுங்கிவிட்டுக் காவல் காத்தாள்.