முதலாளிக்குத் தனிப் பாயசம்

"ஐயோ... கொன்னுட்டா! என் புருஷனக் கொன்னுட்டா!"

செல்லம்மாவின் அலறல் கேட்டு சமையல் வகுப்பே அடுப்பை விட்டு ஓடி வந்தது.

படிக்கட்டின் அடியில் அமிர்தலிங்கம் குப்புறக் கிடந்தார். மண்டை பிளந்து ரத்தம்... மூச்சு இல்லை!

மலையூரான பிரிஞ்சாங்கில் பெரிய சாப்பாட்டுக் கடை நடத்தியவர். துரைமார்களின் பழைய கிளப்பை வாங்கி, போன வருஷம், 1978இல், சமையல் பள்ளி ஆக்கியவர்.

மேல்படியில் ஜெயா உறைந்து நின்றாள். தேயிலை எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டிலிருந்து வந்து சமையல் படிப்பவள்.

"இவதான் தள்ளிவிட்டா!" செல்லம்மா அவளை நோக்கிக் கையை நீட்டினாள். " காலையில 'நீ கொழுந்து பறிக்கத்தான் லாயக்கு'ன்னு திட்டினாரு. அந்தக் கோவம்!"

இருபதே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் கனகராஜ் வந்துவிட்டார். பின்னாலேயே கான்ஸ்டபிள் நாகப்பன்.

"ஏன் தள்ளின?"

"நான் தொடவே இல்ல சார்! ரூம்லேர்ந்து தள்ளாடிக்கிட்டே வந்தாரு... வாயெல்லாம் நுரை! புடிக்கிறதுக்குள்ள உருண்டுட்டாரு!"

"பொய்! லைன்காரி புத்தி!" செல்லம்மா சீறினாள்.

"வேற யாராச்சும் பாத்தீங்களா?"

கூடப் படிப்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"வண்டியில ஏறு. மத்தத லோக்காப்ல பேசிக்கலாம்."

ஜெயா செல்லம்மாவைப் பார்த்தாள். முதலாளியம்மா ஒன்று சொன்னால், லைன்காரி பேச்சு எடுபடுமா?

அப்போதுதான் அது உறைத்தது. அடுப்பையே தொடாத செல்லம்மா, இன்று காலை புருஷனுக்கு மட்டும் தனியாகப் பாயசம் காய்ச்சினாள்... ஏன்?

"சார்... ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரேன்."

"நாகப்பன், கூடப் போ!"

திரும்பி வந்தபோது நாகப்பன் கையில் ஒரு கிண்ணம்.

"குடிங்கண்ணே!" ஜெயாவின் குரல் வேண்டுமென்றே உயர்ந்தது. "அம்மா முதலாளிக்குன்னு தனியா காய்ச்சினது. மிச்சத்த ஏன் வீணாக்கணும்?"

நாகப்பன் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனார்.

"வாயில வைக்காத!"

பாய்ந்து வந்தவள்... செல்லம்மா!

நாகப்பன் கிண்ணத்தைக் கீழே இறக்கினார்.

"ஏம்மா?" கனகராஜின் கண்கள் சுருங்கின. "படியில விழுந்து செத்தவருக்கும் பாயசத்துக்கும் என்ன சம்பந்தம்?"

செல்லம்மா வெடித்தாள்.

"திரிங்காப்ல ஒருத்திய வச்சிருந்தாரு! இந்தப் பள்ளியையும் அவ பேர்ல எழுதப் போனாரு! நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? பூச்சி மருந்தக் கலந்தேன்... போய்ச் சேந்தாரு!"

ஜெயா சுவரில் சாய்ந்தாள்.

"சார்... கிண்ணத்துல இருக்கிறது வகுப்புல நான் காய்ச்சின பாயசம். அம்மா காய்ச்சினது சட்டியோட அலமாரியில இருக்கு. யாரும் தொடல!"

வெளிறிப்போயிருந்த நாகப்பனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஒரே மடக்கில் கிண்ணத்தைக் காலி செய்து மீசையைத் துடைத்தார்.

"ஏலக்காய் கொஞ்சம் கம்மி லா!"