மேற்கே ஓடியவர்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது துப்பறிவாளர் பானுப்ரியாவின் அலுவலகம். அன்று காலை அங்கே வந்து உட்கார்ந்த ஜோதி, உதவியாளன் திருமுருகன் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு அறிவரசன். அமோனியா டேங்கர் ஓட்டினாரு. போன மாசம், தையில, மீன்சுருட்டி தாண்டி வால்வு கசிஞ்சுடுச்சு. கிளீனரு ஒரு பக்கம் ஓடிப் பொழைச்சிட்டாரு. இவரு புகை போற பக்கமே ஓடி, பருத்திக் காட்டுல விழுந்து உசுரில்லாம கெடந்தாரு."

பானுப்ரியா நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டாள்.

"ஆபத்தான சரக்கு ஏத்துறவங்களுக்கு அரியலூர்ல பயிற்சி குடுப்பாங்க. போயி படிச்சுட்டு வந்தவருதான். ஆனா ஓனரு ராசாங்கம், 'வகுப்புல தூங்கியிருப்பாரு, இல்லாட்டி எவனாச்சும் போயி புகைக்குள்ள ஓடுவானா'ன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு. எம் பொண்ணு சுவாதி பிளஸ் டூ. அவதான் அந்தப் பாடத்த அவரை ஒப்பிக்க வச்சா. இப்ப, 'அப்பா மறந்துட்டாராம்மா'ன்னு அதையே கேட்டுட்டு இருக்கா. சோறு எறங்கல."

"என்ன ஒப்பிப்பாரு?"

ஜோதியின் முகத்தில் சிரிப்பு போல ஏதோ வந்து மறைந்தது. "இன்ஜின நிறுத்து, துண்ட நனை, மேல்காத்துப் பக்கம் ஓடு, போனப் போடு. பாட்டு மாதிரி சொல்லுவாரு. பசிச்சா, 'அடுப்ப நிறுத்து, தட்ட நனை'ன்னு எங்கிட்ட கிண்டல்."

"அவர் கிடந்தப்ப முகத்துல துண்டு இருந்ததா?"

"ஈரத் துண்டு கட்டியிருந்துச்சு. வண்டிச் சாவி சட்டைப் பையில."

மீன்சுருட்டி தாண்டி, தெற்கு வடக்காகப் போகும் அந்தச் சாலையில் பானுப்ரியாவும் திருமுருகனும் பைக்கை நிறுத்தினார்கள். கிழக்கே பருத்திச் செடிகள் பச்சையாக நின்றன. மேற்கே, சாலையோரம் தொடங்கி வெகுதூரம்வரை, இலைகள் வெந்து சுருண்டு பழுப்பேறியிருந்தன.

"அன்னைக்குக் காத்து கிழக்கேருந்து அடிச்சிருக்கு," என்றான் திருமுருகன் உற்சாகமாக. "கிளீனர் கிழக்கே ஓடித் தப்பிச்சிருக்கான். டிரைவர் மேற்கே. மேடம், கிளீனர்தான் வழியத் தப்பா காட்டியிருக்கணும். சந்தேகமே இல்ல."

"பயந்து ஓடுறவர் இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, துண்டை நனைச்சுக் கட்டுவாரா?" என்றாள் பானுப்ரியா. "மத்த எல்லாத்தையும் வரிசையா சரியா செஞ்சிருக்கார். ஒண்ணு மட்டும் எப்படித் தப்பும்?"

கிளீனர் அப்துல் சுக்கூருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. லெப்பைக்குடிகாட்டில், வாசல் கதவை முழுதாகத் திறக்காமலே பேசினார்.

"நான் எந்தப் பயிற்சிக்கும் போனதில்லம்மா. மூக்கு எரியாத பக்கமா ஓடினேன். அறிவரசன் தம்பி, 'பாய், மேக்கால வாங்க, மேக்கால'ன்னு கத்துச்சு. படிச்ச புள்ள சொல்லுது, நான் கேக்கல." அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "சொன்ன புள்ள மவுத்தாயிடுச்சு. கேக்காத என்னை அல்லா உசுரோட வச்சிருக்கான்."

பானுப்ரியா 'மேக்கால' என்ற சொல்லை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு அரியலூருக்கு வந்துடுங்க, பாய்."

பயிற்சிக் கூடத்தில் புதிதாக வந்த ஓட்டுநர்கள் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பானுப்ரியா அழைத்து வந்திருந்த ஓனர் ராசாங்கம், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முன்வரிசையில் இருந்தார். ஜோதியும் அப்துல் சுக்கூரும் சுவரோரம் நின்றார்கள். சுவரில் பெரிய சிவப்பு எழுத்தில், "கசிவு ஏற்பட்டால் மேல்காற்றுப் பக்கம் ஓடவும்" என்று எழுதியிருந்தது.

"அறிவரசன் எப்படிப் படிச்சாரு?" என்று பயிற்சியாளர் ஆண்டவரிடம் கேட்டாள் பானுப்ரியா.

"அருமையான ஆளு, மேடம். ஆடி மாசம் மைதானத்துல புகை போட்டு ஓடச் சொன்னோம். மொத ஆளா சரியான பக்கம் ஓடினவரு. அதனாலதான் எனக்கே புரியல."

பானுப்ரியா ஓட்டுநர்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. சுவத்துல எழுதியிருக்கிற பக்கத்தைக் கை நீட்டிக் காட்டுங்க."

கைகள் உயர்ந்தன. எல்லாமே மேற்கு ஜன்னலை நோக்கி. ராசாங்கத்தின் கையும்கூட.

கிழக்கு ஜன்னலில் தொங்கிய திரை, உள்ளே வந்த காற்றில் அறைக்குள் உப்பிக்கொண்டு ஆடியது.

ஆண்டவரின் முகம் வெளுத்தது. "இல்ல... மேல்காத்துன்னா காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதோ, அந்த மேல் பக்கம்..."

"அது இங்கிலீஷ் 'அப்விண்ட்'லேருந்து நீங்க தமிழாக்கினது. எங்க வளர்ந்தீங்க, சார்?"

"பம்பாய்ல."

"இந்த ஊர்ல மேல்காத்துன்னா மேற்கேருந்து அடிக்கிற காத்து. மேல்காத்துப் பக்கம்னா மேற்கு. ஆடியில காத்து மேற்கேருந்துதான் வரும். நீங்க நெனச்ச பக்கமும் அவங்க நெனச்ச பக்கமும் ஒண்ணா இருந்துச்சு. அதான் எல்லாரும் பாஸ். தையில காத்து திரும்பிடுச்சு. வார்த்தை திரும்பல."

ஆண்டவர் சுவரைப் பார்த்தார், பிறகு தரையை.

"அவரு தூங்கலைங்க," என்றாள் ஜோதி ராசாங்கத்திடம். சத்தமாகச் சொல்லவில்லை. ராசாங்கம் நீட்டிய கையை இன்னும் இறக்கியிருக்கவில்லை, அப்போதுதான் இறக்கினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஓட்டுநர் கேட்டான்: "அப்ப எந்தப் பக்கந்தான் ஓடணும், சார்?"

அப்துல் சுக்கூர்தான் சொன்னார்: "காத்து மூஞ்சில அடிக்கணும், தம்பி. அடிக்கிற பக்கமாவே ஓடு."

வெளியே வந்ததும் திருமுருகன் பைக்கை எடுக்கப் போனான். ஜோதி படியிலேயே நின்றாள்.

"மேடம், ஒரு நாளு ஒப்பிக்கிறப்ப அவரு, 'காத்து வர்ற பக்கம் ஓடு'ன்னு சொன்னாரு. சுவாதிதான், 'தப்புப்பா, வாத்தியாரு சொன்ன மாதிரியே சொல்லு, மேல்காத்துப் பக்கம்'னு திருத்தினா. நான் சோறு போட்டுக்கிட்டே கேட்டுட்டு இருந்தேன்."

பானுப்ரியா அவள் தோளில் கை வைத்தாள். "இது எங்க வாயிலேருந்து சுவாதி காதுக்குப் போகாதும்மா."

கேட்டருகே, வேப்பமர நிழலில் சுவாதி காத்திருந்தாள். பள்ளிச் சீருடையின் துப்பட்டா மேற்கே பறந்துகொண்டிருந்தது. ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"என்னம்மா சொன்னாங்க? அப்பா மறந்துட்டாரா?"

"இல்லடி," என்றாள் ஜோதி. "நீ சொல்லிக்குடுத்தத ஒரு வார்த்தை மறக்கல."

பல நாட்களுக்குப் பிறகு சுவாதியின் முகம் தெளிந்தது. "பசிக்குதும்மா," என்றாள்.

ஜோதி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.